தண்டவாளமும் தார்ச்சாலையும்

மண்ணுக்குள் கிடக்கும் ஈயமும் மரத்தில் வடியும் பாலும் துறைமுகத்தைச் சென்றடைந்த பின்னரே செல்வமாகின்றன. அவற்றைச் சுமந்து செல்லும் பணிக்காக மலாயாவில் இரயிலும் லோரியும் நிகழ்த்திய போட்டியின் வரலாறு, இந்நாட்டுத் தமிழர் வாழ்வோடும் பிணைந்ததாகும்.

மலாயாவின் முதல் இரயில் பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் திறக்கப்பெற்றது. தைப்பிங் நகரைப் போர்ட் வெல்ட் துறையோடு இணைத்த அதன் நீளம் ஏறத்தாழ 8 மைல். ஈய வயல்களிலிருந்து கடலுக்குச் சரக்கைக் கொண்டு செல்வதே அதன் நோக்கம். பின்னர் இப்பாதைகள் ஒன்றோடொன்று இணைந்து வடக்கு தெற்காக நீண்டன. 1909இல் ஜொகூர்ப் பாதை நிறைவுற்றது. 1923இல் கடற்பாலத்தின் வழியே சரக்கு வண்டிகள் சிங்கப்பூரை அடைந்தன.

தோட்டத்து மக்கள் 'கம்பிச் சடக்கு' என வழங்கிய இப்பாதையை அமைத்துப் பேணியவர்களுள் தமிழ்த் தொழிலாளரே மிகுதி. நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் பணியாற்றினர். செந்தூலும் பிரிக்ஃபீல்ட்சும் இரயில் ஊழியர்களின் குடியிருப்புகளாய் வளர்ந்தன. ஆயினும் பொதுப்பணித் துறையின் சாலைகளுக்குக் கல் சுமந்தவர்களும் இத்தமிழரே. போட்டியிட்ட இரு பாதைகளையும் அமைத்தவை ஒரே கைகள்!

1920களில் லோரிகள் பெருகின. மேற்குக் கரையில் சாலை பெரும்பாலும் தண்டவாளத்தை ஒட்டியே சென்றது. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தால் ஈயமும் ரப்பரும் விலை வீழ்ந்தன. இரயிலின் வருவாயும் குன்றியது. இரயிலுக்கு உரிமை பூண்ட அரசு, தன் வருவாயைக் காக்க லோரிகளுக்கு உரிமக் கட்டுப்பாடுகளை விதித்தது.

அடுத்து வந்த போர் இரயிலுக்குப் பேரிடியாயிற்று. ஜப்பானியர் கிழக்குக் கரைப் பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு சென்றனர். தண்டவாளங்களோடு தோட்டத் தமிழரும் பல்லாயிரவராய்க் கொண்டு செல்லப்பட்டனர். அவருள் மீளாதோர் பலர். பெயர்க்கப்பட்ட கிழக்குக் கரைப் பாதை முழுமையாய் மீண்டும் இயங்க 1954 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

விடுதலைக்குப் பின் லோரியின் கை ஓங்கியது. இதற்குக் காரணங்கள் உள. தோட்டத்துக் கிடங்கில் ஏற்றிய சரக்கை லோரி நேரே துறைமுகத்தில் இறக்கும். இரயிலிலோ நிலையத்தில் ஒரு முறையும் சேருமிடத்தில் மறு முறையும் சுமை மாற்ற வேண்டும். நெடுந்தொலைவில் மட்டுமே இச்செலவை இரயிலின் மலிவு ஈடுசெய்யும். தீபகற்பத்தின் தொலைவுகளோ குறுகியவை. மேலும், பெரும்பகுதி ஒற்றைப் பாதையாதலின், எதிர்வரும் வண்டிக்காகச் சரக்கு வண்டி ஒதுங்கி நிற்க நேர்ந்தது. 1994இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையாய்த் திறக்கப்பட்டபோது லோரியின் வேகம் மேலும் கூடியது. ஈப்போ-பாடாங் பெசார் இரட்டைப் பாதையோ 2014இல்தான் நிறைவெய்தியது. சிமெண்டும் கொள்கலன்களுமே இரயிலுக்கு எஞ்சிய முதன்மைச் சரக்குகளாயின.

ஆனால், லோரியின் வெற்றி சமமான களத்தில் பெற்றதன்று. இரயில் தன் பாதையைத் தன் வருவாயிலிருந்தே பேண வேண்டியிருந்தது. லோரியோ பொதுப்பணத்தில் அமைந்த சாலைகளிலும் ஓடியது. ஓர் அச்சின் பாரம் இருமடங்கானால் சாலையின் தேய்வு ஏறத்தாழ 16 மடங்காகும் என்பது பொறியியலார் கணிப்பு. அத்தேய்வின் செலவு சரக்குக் கட்டணத்தில் முழுமையாய் இடம்பெறுவதில்லை. மக்களின் வரிப்பணமே அதனையும் சுமக்கிறது.

ஆகவே, எது மலிவு என வினவும் மாணவர், யார் செலவில் மலிவு என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்கு விடை தேடுகையில், கல்லடுக்கிக் கம்பி பதித்த மக்களின் உழைப்பும் கணக்கில் சேரும். கட்டணப் பட்டியல் காட்டாத அக்கணக்கை எழுதி வைப்பது வரலாற்றின் கடமையாகும்.