மட்டாஞ்சேரி யூதர் பள்ளி

மட்டாஞ்சேரிக் கடைவீதிக்குச் செல்லும் நம் காலனி அன்பர்கள், யூதத் தெருவின் கோடியில் நிற்கும் மணிக்கூண்டைக் கண்டிருப்பர். அதனை அடுத்துள்ள யூதர் பள்ளிக்குள் நுழைந்தோர் சிலரே. பழைய பதிவேடுகளைப் புரட்டுவதே பிழைப்பாகக் கொண்ட ரயில்வே குமாஸ்தாவாகிய யான், அப்பள்ளியையும் ஒரு பதிவேடாகவே காண்கிறேன்.

அதன் முதல் ஏடு செம்பாலானது. கி.பி. 1000-ஐ ஒட்டிய காலத்தில், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்தருளி, ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு 72 உரிமைகள் வழங்கினான். பகல் விளக்கு, பல்லக்கு, குடை ஆகியவை அவற்றுட் சில. வரி விலக்கும் உண்டு. எழுத்து வட்டெழுத்து, மொழியோ, மலையாளம் தமிழினின்றும் முற்றப் பிரிந்திராத காலத்து மொழி. அதில் காணும் 'அஞ்சுவண்ணம்' என்னும் சொல் தமிழ்நாட்டுக் கல்வெட்டுக்களிலும் வருகிறது. யூதர் கண்ணெனப் போற்றிய ஆவணம் நம் முன்னோர் செவிக்கு விளங்கும் மொழியில் அமைந்தது என்பது நாம் அறிந்து மகிழத்தக்கது.

இவ்வேடு எழுதப்பட்டு ஏறக்குறைய ஐந்நூறாண்டு கழிந்தபின், 1492-இல் ஸ்பெயின் நாடு யூதரை வெளியேற்றியது. அவர் வழியினர் சிலர் கடல் கடந்து கொச்சியை அடைந்தனர். இவர்களே பரதேசி யூதர் எனப்பட்டோர். ஆயின் துரத்திய கை இங்கும் நீண்டது. கொச்சியில் போர்த்துக்கீசியர் வலிமை பெற்றிருந்தனர். 1560-இல் கோவாவில் சமய விசாரணை மன்றமும் ஏற்பட்டது. அந்நிலையிலும் கொச்சி அரசர் தம் அரண்மனையை ஒட்டியே நிலம் அளித்தார். 1568-இல் பள்ளி எழுந்தது.

1662-இல் டச்சுக்காரர் கொச்சியை முற்றுகையிட்டுப் பின்வாங்கினர். அவர்களுக்கு உதவினர் என்று யூதர்மேல் சினங்கொண்ட போர்த்துக்கீசியர் பள்ளியைச் சூறையாடித் தீயிட்டனர். மறு ஆண்டே டச்சுக்காரர் நகரைக் கைப்பற்ற, பள்ளி புதுப்பிக்கப்பெற்றது. ஸ்பெயின் ஆட்சியில் தம் புரொட்டஸ்டண்டு சமயத்துக்காகத் தாமும் துன்புற்றவர் டச்சு மக்கள். பின்னாளில் பிரான்சை விட்டோடிய ஹியூகனாட் மக்களுக்கும் அவர்கள் நாடு புகலிடமாயிற்று.

உள்ளே தரையெங்கும் 1762-இல் சீனத்துக் கான்டனிலிருந்து வந்த நீலப் பூந்தட்டோடுகள், கையால் தீட்டியவை, ஒன்றுபோல் மற்றொன்று இல்லை என்பர். மணிக்கூண்டு 1760-இல் எசக்கியேல் ரஹாபி எடுப்பித்தது. அதன் முகங்களில் எபிரேய எண், ரோமானிய எண், மலையாள எண் என வெவ்வேறாகப் பொறித்துள்ளனர். மணி பார்ப்பதற்காக எவரும் அயல்மொழி கற்க வேண்டியதில்லை!

இத்துணையும் கூறி, ஒன்றை மறைத்தல் முறையன்று. தமக்கு முன்பே இங்கு வாழ்ந்த மலபார் யூதரைப் பரதேசியர் ஒப்பாக ஏற்றிலர். தம்மிடம் விடுதலை பெற்ற அடிமைகளின் வழியினரைப் பள்ளியினுள் இருக்கையில் அமரவும் விட்டிலர். அவ்வழியில் தோன்றி வழக்கறிஞரான ஏ. பி. சேலம் (1882-1967) என்பார், பள்ளிக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். 'யூத காந்தி' என்று அவரை அழைத்தனர். அவர் வாழ்நாளிலேயே தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பந்தி வேற்றுமை கண்டு வளர்ந்த எனக்கு இச்செய்தி வியப்பளிக்கவில்லை; வருத்தமே அளித்தது. துரத்தப்பட்டு வந்தோரும் இதனைச் செய்தனரே!

1948-இல் இஸ்ரேல் அமைந்தபின் பெரும்பாலோர் அங்குச் சென்றுவிட்டனர். முழு வழிபாட்டுக்கு வயது வந்த ஆடவர் பதின்மர் வேண்டும். இன்று அவ்வெண் நிறைவதற்கு வெளியூர் யூதர் வந்தாக வேண்டும். சேந்தமங்கலம், பரவூர்ப் பள்ளிகள் அருங்காட்சியகங்களாக விளங்குகின்றன. மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் பள்ளியின் உள்மரவேலைப்பாடு எருசலேம் அருங்காட்சியகத்தில் உள்ளது. இங்கு எஞ்சி நின்ற அதன் கட்டடமோ, 2019-இல் மழையில் இடிந்து சரிந்தது.

சனிக்கிழமை அவர்கட்கு ஓய்வுநாள், பள்ளி திறவாது. ஞாயிறன்று குழந்தைகளுடன் செல்க. காலணியை வாயிலில் விடல் வேண்டும். மன்னன் செப்பேடு வழங்கும் காட்சி, அங்குள்ள வரலாற்று ஓவியங்களுள் ஒன்றாக இருக்கிறது. நம் சிறார்க்கு முதலில் அதனைக் காட்டுக.