மெகாபிட் வேறு, மெகாபைட் வேறு: இணைய வேகத்தைக் கணக்கிடும் முறை

வீட்டு இணையச் சந்தாவில் விநாடிக்கு 500 மெகாபிட் என்று இருக்கிறது. கணினியில் கோப்பைப் பதிவிறக்கினாலோ எண் 60க்கு மேல் ஏற மறுக்கிறது. ஏமாந்துவிட்டோமோ என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் அந்த 60, ஏறக்குறைய முழு வேகம்.

இணைய நிறுவனங்கள் வேகத்தைப் பிட் கணக்கில் விற்கின்றன. கணினியின் உலாவி அதையே பைட் கணக்கில் காட்டுகிறது. 8 பிட் சேர்ந்தது 1 பைட் என்பதால், விளம்பரத்தில் உள்ள எண்ணை 8ஆல் வகுக்கவேண்டும். 500 மெகாபிட் என்பது 62.5 மெகாபைட். 100 மெகாபிட் என்றால் 12.5. ஒரு கிகாபிட், அதாவது 1,000 மெகாபிட் என்றால் 125. பைட்டைப் பிட்டாக மாற்ற 8ஆல் பெருக்கினால் போதும்.

பைட் எவ்வளவு சிறியது என்பதற்கு நம் மொழியே சான்று. இணையத்தில் பரவலாக உள்ள யுடிஎஃப்-8 குறிமுறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் போதும். ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு 15 பைட், அதாவது 120 பிட் தேவை. மெய், உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியாக எண்ணப்படுவது இதற்கு ஒரு காரணம்.

ஆங்கிலச் சுருக்கத்தில் பிட்டுக்குச் சிறிய ‘பி’, பைட்டுக்குப் பெரிய ‘பி’. துண்டுப் பிரசுரத்தின் பொடி எழுத்தில் அதை யார் கவனிக்கிறார்கள்? தமிழிலோ ‘எம்பிபிஎஸ்’ என்று எழுதினால் மருத்துவப் பட்டமா, இணைய வேகமா என்பதே புரியாது. முழுச் சொல்லாக எழுதுவதுதான் நல்லது.

சிங்கப்பூரில் வேகம் வளர்ந்த கதையை ஒரே கோப்பைக் கொண்டு அளக்கலாம். ஊரில் நடந்த திருமணத்தின் காணொளி 4 கிகாபைட் என்று வைத்துக்கொள்வோம். பிட் கணக்கில் அது 32,000 மெகாபிட். 2006ல் அறிமுகமான ‘வயர்லெஸ் அட் எஸ்ஜி’ இலவச இணையத்தின் தொடக்க வேகம் 512 கிலோபிட். அதில் இந்தக் காணொளியை இறக்க 17 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். 2016ல் வேகம் 5 மெகாபிட்டாக உயர்ந்ததும் அது 1 மணி 47 நிமிடமாகக் குறைந்தது. வீடுகளுக்கு வந்த கண்ணாடி இழை இணைப்பில், 1 கிகாபிட் வேகத்தில் 32 விநாடி போதும். தடங்கலின்றி முழு வேகமும் கிடைத்தால்தான் இந்தக் கணக்கு சரிவரும்.

இப்போது 10 கிகாபிட் திட்டங்கள் வந்துவிட்டன. நாடளாவிய கட்டமைப்பை மேம்படுத்த 100 மில்லியன் வெள்ளி வரை செலவிடப்போவதாகத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 2024ல் அறிவித்தது. 2028க்குள் அரை மில்லியனுக்கும் அதிகமான குடும்பங்கள் அந்த வேகத்துக்கு மாறவேண்டும் என்பது இலக்கு. கணக்குப்படி அது விநாடிக்கு 1,250 மெகாபைட். ஆனால், பல கணினிகளின் கம்பி இணைப்புத் துளை 1 கிகாபிட்டுக்கு மேல் தாங்காது. அவற்றில் எந்தத் திட்டம் எடுத்தாலும் சுமார் 117 மெகாபைட்தான் கிடைக்கும். வைஃபை என்றால் இன்னும் குறையும். புதிய வீவக வீடுகளில் உள்ள பாதுகாப்பறையின் தடித்த கான்கிரீட் சுவரே அலைகளை மறித்துவிடும். ஈராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்னர் இதைப் பார்த்துவிடுவது பணத்தை மிச்சப்படுத்தும்.

சிராங்கூன் சாலைக் கடைகளில் முன்கட்டண சிம் அட்டை வாங்கும் ஊழியர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும். அட்டையின் தரவு அளவு கிகாபைட்டில் இருக்கும். காணொளி ஓடும் வேகம் மெகாபிட்டில் சொல்லப்படும். 5 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் படம் ஓடினால் 2.25 கிகாபைட் கரையும். 20 கிகாபைட் ஒன்பது மணி நேரம்கூடத் தாங்காது. விடுதி அறையில் படுத்தபடி மூன்று, நான்கு படம் பார்த்தால் தீர்ந்துவிடும். தரத்தைக் குறைத்துப் பார்த்தால் நீடிக்கும்.

இன்னொரு சிறு வேறுபாடும் உண்டு. இணைய வேகத்தில் ‘கிலோ’ என்றால் 1,000. விண்டோஸ் கணினி கோப்பின் அளவைச் சொல்லும்போது 1,024ஐக் கிலோ என்கிறது. அதனால் விடையில் சில விழுக்காடு முன்பின் ஆகலாம். வேகம் எட்டில் ஒன்றாகத் தெரிவதற்கு இது காரணமன்று.

வேகம் குறைவு என்று நிறுவனத்தை அழைப்பதற்கு முன்னர், கணினியைக் கம்பிவழி மோடத்தில் இணைத்து வேகச் சோதனை செய்து பார்க்கவேண்டும். வேகச் சோதனைத் தளங்கள் பெரும்பாலும் மெகாபிட்டிலேயே விடை தருவதால், அந்த எண்ணை 8ஆல் வகுக்காமல் சந்தா எண்ணுடன் நேரடியாக ஒப்பிடலாம்.