கல் தெய்வமன்று: பழனி மலைப் பளியர் வழிபாடும் சூனியப் பழியும்

பளியரின் வழிபாட்டைப் பற்றி எழுதுவோர் இன்றும் முதலில் கையில் எடுப்பது எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள், குடிகள் பற்றிய தொகுப்பின் ஐந்தாம் தொகுதியைத்தான். அதில் பழனி மலைப் பளியரின் சமயம் பற்றி வருவன பெரிதும் சேசு சபைத் துறவி டாமென் தந்தவை. 1908இல் ‘ஆந்த்ரோபோஸ்’ இதழில் பளியரைப் பற்றிக் கட்டுரை எழுதியவர் அவர். பெரும்பாறை, தாண்டிக்குடி வட்டாரத்துக் காப்பித் தோட்டங்களை ஒட்டி இன்றும் வாழும் ஒரு குடியின் நம்பிக்கையை வெளியுலகம் நூறாண்டுக்கு மேலாகப் பெரும்பாலும் அவர் கண்வழியேதான் பார்த்து வந்திருக்கிறது. அவர் கண்டு எழுதிய செய்திகளை ஏற்கிறேன். அவற்றை அவர் பகுத்த முறையை ஏற்க இயலவில்லை.

டாமென் பளியரின் நம்பிக்கையை இரண்டாகப் பிரிக்கிறார். ஒரு பக்கம் முதன்மைத் தெய்வமான மாயாண்டி, ஆண்டு வழிபாடு. மறுபக்கம் சூனியமும் மந்திரமும். பளியருக்கு மந்திர ஆற்றல் உண்டென்று பிற சாதியார் சொல்கிறார்கள் என்று எழுதும் அவர், பளியரும் அதை நம்பக்கூடும் என்று சேர்த்துக்கொள்கிறார். முன்பாதி கேட்டறிந்த செய்தி, பின்பாதி அவருடைய ஊகம். இரண்டும் ஒரே வாக்கியத்தில் நிற்பதால், படிப்பவர் மனத்தில் ஊகமும் செய்தியாகிவிடுகிறது. சூனியக்காரர் என்ற பெயர் பளியர் தமக்குச் சூட்டிக்கொண்டதாக அந்தப் பகுதியில் எங்கும் இல்லை.

மந்திர ஆற்றலுக்கு அவர் தரும் சான்றைப் பார்ப்போம். சிறுத்தையிடமிருந்து காத்துக்கொள்ள, தாங்கள் தங்கும் இடத்தைச் சுற்றி நான்கு இடங்களில் நான்கு நரிவால்களை நட்டுவைப்பார்களாம். அந்தச் சதுரத்துக்குள் சிறுத்தை நுழைந்தாலும் அதன் வாய் கட்டுப்பட்டிருக்கும் என்பது நம்பிக்கை. ஏவலோ பில்லியோ இதில் இல்லை. பிறருக்குக் கேடு நினைக்கும் செயலுமில்லை. காட்டில் இரவைக் கழிப்பவர்கள் போட்டுக்கொண்ட காப்பு இது. புலி, கரடியின் வாயைக் கட்டுவதைத் தாயுமானவரும் பாடியிருக்கிறார். மனத்தை அடக்குவதைவிட எளிய வித்தைகளின் வரிசையில் அதை வைக்கிறார் அவர். அவர் பாட்டில் சித்தாக எண்ணப்படும் ஒன்று பளியர் கையில் சூனியமாகிவிடுகிறது. செயல் ஒன்றே, செய்பவரின் நிலைதான் வேறு. டாமெனின் பாகுபாடு இந்த இடத்தில் உடைகிறது.

அவர் எழுத்திலேயே அவருக்கு எதிரான சான்று ஒன்று கிடக்கிறது. அதைத்தான் இக்கட்டுரையின் நடுவில் வைக்க விரும்புகிறேன். மாயாண்டியை ஒரு கல் குறிக்கிறது என்கிறார். இயற்கையாகவே விந்தை உருவம் கொண்ட கல், அதிலும் பாம்பு வடிவம் என்றால் சிறப்பு. மரத்தடியிலோ சிறு கூரையின் கீழோ அது இருக்கும். குறித்த நாளில் விடியுமுன் கூடுவார்கள். கல்லுக்கு முன் குழியில் தீ மூட்டி, கொம்பும் பறையும் ஒலிக்கச் சேவலைப் பலியிட்டு, அதன் குருதியைத் தீயில் சொட்டவிடுவார்கள். தலை ஒரே வெட்டில் துண்டானால் நற்குறி, தொங்கினால் அந்த ஆண்டு கேடு. அந்த அரிவாளை வேறெதற்கும் எடுக்கமாட்டார்கள். இவ்வளவையும் சொல்லும் டாமென், கல் தெய்வத்தைக் குறிக்கிறது என்றவுடன் நின்று, தம் சொல்லுக்கே விளக்கம் தருகிறார்: பளியர் சொற்படி கல் தெய்வமன்று, தெய்வம் எங்கோ இருக்கிறது, எங்கே என்று அவர்களுக்குத் திட்டமாகத் தெரியாது.

கல்லைக் கும்பிடுகிறவர்கள் என்று மட்டும் எழுதிப் போவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். நின்று திருத்துகிறார் என்றால், யாரையோ கேட்டிருக்கிறார், அந்த விடையை விட்டுவிட மனம் வரவில்லை என்றே கொள்கிறேன். தெய்வம் இருக்குமிடம் தெரியாது என்பதை அறியாமையாகப் படிக்கலாம். அவர் நடை அப்படித்தான் சாய்கிறது. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லாத நேர்மையாகவும் அதைப் படிக்கலாம். இரண்டாவதே சரி என்பது என் வாதம். அதற்குத் துணை பிற்காலக் களஆய்வில் இருக்கிறது.

1962 முதல் 1964 வரை பளியரிடையே ஆய்வு செய்த பீட்டர் கார்டனர், 1966இல் எழுதிய கட்டுரையில் அவர்களின் அறிவு பெரிதும் ஒவ்வொருவரின் சொந்தப் பட்டறிவிலிருந்து வருவது என்று காட்டினார். ஒரே குடியிருப்பில் இருவரைக் கேட்டால் தெய்வத்தைப் பற்றி இருவேறு விளக்கம் கிடைக்கும். மற்றவர் சொல்வதைத் திருத்த யாரும் முனைவதில்லை. 1991இல் பளியரின் சாமியாட்டம் பற்றிய அவர் கட்டுரை வெளியானதும் அதே ‘ஆந்த்ரோபோஸ்’ இதழில்தான். திட்டமாகத் தெரியாது என்று டாமெனுக்குக் கிடைத்த விடையை இந்தப் பின்னணியில் வைத்தால் பொருள் துலங்குகிறது. தான் காணாததற்குச் சாட்சி சொல்லாத மனிதர் ஒருவர் பேசியிருக்கிறார். கார்டனரின் களம் பெரும்பாலும் பழனி மலைக்குத் தெற்கே என்பதால் இந்த இணைப்பை முடிந்த முடிபாகச் சொல்லமாட்டேன். ஆயினும் பழனி மலைப் பளியரையே ஆராய்ந்த கிறிஸ்டர் நோர்ஸ்ட்ரோம் 2003இல் வெளியிட்ட நூலும் அவர்கள் தன்னுரிமையைப் பேணும் விதத்தையே மையமாகக் கொண்டது.

இங்கே எதிர்ப்பக்கத்து மிகைக்கும் இடம் தரக்கூடாது. குறிஞ்சித் திணைப் பாடல்களில் கழங்கு பார்த்து வெறியாடும் வேலனிடமிருந்து பளியரின் சாமியாடிவரை நேர்கோடு போட ஆசை வரும். பொதினி என்னும் பழனி பக்கத்தில் இருப்பது அந்த ஆசையை வளர்க்கும். ஆங்கலேடும் நியூட்டனும் 1928இல் விவரித்த பழனி மலைக் கற்திட்டைகளைப் பளியரின் முன்னோர் கட்டினார்கள் என்பதற்கும் சான்றில்லை. அடிவாரத்துப் பொருந்தலில் ஈமச்சின்னத்தில் கிடைத்த நெல்லுக்குக் கணிக்கப்பட்ட கி.மு. 490 என்ற காலத்தை மலைமேலுள்ள கற்திட்டைகளுக்கு ஏற்றிச் சொல்வதும் முறையன்று. மாயாண்டி என்ற பெயரே சமவெளியிலும் பரவலாக வழங்குவது. ஆகவே இது யாரும் தொடாமல் காத்துவைத்த தொல்சமயம் அன்று. கொடுத்தும் கொண்டும் வளர்ந்த வழிபாடு. எப்போது யாரிடமிருந்து கொண்டார்கள் என்பது தீராத வினா.

சூனியக்காரர் என்ற பெயரின் கதை மேல்நாட்டில் வேறு விதமாக நடந்தது. பிரிட்டனில் சூனியத் தடைச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டபின், இளமையில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த ஜெரால்டு கார்டனர் 1954இல் வெளியிட்ட நூலின்வழி, சூனியக்காரர் என்ற பழிச்சொல்லைப் பலர் விரும்பி ஏற்றனர். பீட்டர் கார்டனருக்கும் இவருக்கும் பெயரொற்றுமை தவிரத் தொடர்பில்லை. நிறுவனச் சமயத்தை விட்டுத் தனக்கென ஒரு வழி தேடியவர்கள் தாமாக எடுத்துக்கொண்ட பெயர் அது. பளியருக்கோ வழி தம்முடையது, பெயர் மட்டும் பிறர் ஒட்டியது.

பளியரைப் பற்றி இனி எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள். சூனியம் என்ற சொல்லை எழுதுமுன் அதைச் சொன்னவர் யார், எந்த ஊரார், எந்தச் சாதியார் என்று எழுதுங்கள். பளியர் சொன்னதைப் பளியர் சொன்னதாகவே பதியுங்கள். 1908ஆம் ஆண்டின் ஓர் ஊகத்தைச் சான்றாகக் காட்டுவதை நிறுத்த வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது.