கத்திரி வெயில் வரும் முன் மாடித்தோட்டம் தயாரா? மாசி, பங்குனியில் செய்ய வேண்டியவை என்னென்ன?

மார்கழி, தை மாதங்களில் தக்காளி, முள்ளங்கி, அவரை என்று காய்த்துக் குலுங்கிய மாடித்தோட்டம், ஏப்ரல் கடைசியில் காய்ந்த குச்சிகளாக நிற்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். கேட்டால், "வெயில் தாங்கல, எல்லாம் போச்சு" என்பார்கள். அந்த வெயிலைத் தாங்கும் அளவுக்குச் செடியைத் தயார் செய்ய வேண்டிய நேரம் பிப்ரவரியும் மார்ச்சும்தான். அதைத் தவறவிட்டால், மே மாதத்தில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பலன் குறைவு.

அப்படியென்றால் இப்போ எதை விதைக்கலாம்? எதைத் தொடவே கூடாது? தண்ணீர் எவ்வளவு? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வசந்த காலம்னா எல்லாத்தையும் விதைக்கலாமா?

மார்ச் மாதம் வந்தாலே யூடியூபில் 'ஸ்பிரிங் கார்டனிங்' வீடியோக்கள் வரிசை கட்டும். கேரட், பட்டாணி, லெட்யூஸ் விதைக்கச் சொல்வார்கள். அது பனி விலகி வெப்பம் மெல்ல ஏறும் குளிர் நாடுகளுக்கான கணக்கு. நம்ம ஊர்ல நிலைமையே வேறு. தமிழ் மரபில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். கத்திரி வெயில் கொளுத்துவதும் அதே மாதங்களில்தான்!

எனவே கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பட்டாணி ஆகியவற்றை சமவெளியில் இப்போது விதைக்க வேண்டாம். கொத்தமல்லியும் வெயில் ஏறினால் சீக்கிரமே பூத்து முடிந்துவிடும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதி வீடுகளுக்கு மட்டும் இந்தத் தடை பொருந்தாது.

நாள் கணக்கு எப்படிப் போடுவது?

அக்னி நட்சத்திரம் பொதுவாக மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்குகிறது. அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அதற்குள் செடி ஆழமாக வேர் பிடித்து, ஓரளவு காய்த்தும் விட வேண்டும். இதுதான் அடிப்படை.

• வெண்டை: விதைத்த 45 நாளில் காய்க்கத் தொடங்கும். பிப்ரவரி பாதியில் விதைத்தால் ஏப்ரல் முழுக்கப் பறிக்கலாம். மார்ச் பாதிக்கு மேல் விதைத்தால் முதல் காய் வரும்போதே கத்திரி வெயிலும் வந்துவிடும்.

• கொத்தவரை, காராமணி: வெயில் தாங்கும் பயிர்கள். கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை.

• சுரை, பீர்க்கை, பாகல்: முதல் காய்க்குச் சுமார் 2 மாதம் ஆகும். பிப்ரவரி முடிவதற்குள் விதைத்துவிடுங்கள்.

• கத்தரி, மிளகாய்: விதை போட்டு நாற்றாக்கவே 30 முதல் 40 நாள் ஓடிவிடும். இப்போது நர்சரியில் நல்ல நாற்றாக வாங்கி நடுவதே புத்திசாலித்தனம்.

• கீரைகள்: சிறுகீரையை 25 நாளில் அறுவடை செய்யலாம். அரைக்கீரையைக் கிள்ளிக் கிள்ளிப் பல முறை எடுக்கலாம். கொடிப்பசலை, புளிச்சக்கீரை இரண்டும் வெயிலுக்கு அசராது.

தக்காளி? ஏற்கெனவே காய்க்கும் செடி இருந்தால் காப்பாற்றுங்கள். பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பூ உதிரும், பிஞ்சு பிடிக்காது. மார்ச் கடைசியில் புதிதாக நட்டு ஏமாற வேண்டாம்.

வெண்டை, கொத்தவரை, கொடிக்காய் விதைகளைப் பையிலேயே நேரடியாக ஊன்றுங்கள். பிடுங்கி நட்டால் வேர் அறுந்து செடி முடங்கும். வெண்டை விதையை முந்தைய இரவே தண்ணீரில் ஊற வைத்தால் சீக்கிரம் முளைக்கும்.

பழைய மண்ணை என்ன செய்வது?

தூக்கி எறியாதீங்க. பையைக் கவிழ்த்து, பழைய வேர்களைப் பொறுக்கி எடுத்துவிட்டு, 2, 3 நாள் வெயிலில் பரப்பிக் காய விடுங்கள். பிறகு நான்கில் ஒரு பங்கு மண்புழு உரமும், பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்து, லேசாகத் தண்ணீர் தெளித்து வையுங்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்து விதைக்கலாம்.

புதிதாகப் பை நிரப்புபவர்களுக்கு எளிய கணக்கு: செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் அல்லது மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊற வைத்து, இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே பயன்படுத்த வேண்டும். அதில் இருக்கும் உப்பு இளம் வேரைப் பாதிக்கும்.

இன்னொரு விஷயம், எடை. 200 லிட்டர் டிரம்மில் மண் நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் கால் டன்னைத் தாண்டும். கனமான தொட்டிகளை மாடியின் நடுவில் குவிக்காமல், கீழே சுவர் அல்லது பீம் வரும் இடமாகப் பார்த்து வையுங்கள். பழைய கட்டடம் என்றால் முதலில் ஒரு பொறியாளரிடம் கேட்டுவிடுவது நல்லது.

வெயிலில் இருந்து வேரைக் காப்பது எப்படி?

இலை வாடினால் நம் கண்ணில் படும். வேர் வெந்தால் தெரியாது. மாடித் தளத்தின் சூடு பையின் அடிப்பக்கம் வழியாகவும் ஏறும். அதனால் பைகளைத் தரையில் வைக்காமல், செங்கல் அல்லது ஸ்டாண்ட் மேல் ஏற்றுங்கள். தண்ணீர் வடியவும் வசதி, தளத்தில் ஈரம் தேங்காமலும் இருக்கும். கறுப்பு டிரம், பெயின்ட் வாளி போன்றவற்றைச் சுற்றிப் பழைய சாக்கைக் கட்டுங்கள்.

மண்ணின் மேல் மூடாக்கு கட்டாயம். காய்ந்த இலை, தென்னை ஓலைத் துண்டு, கரும்புச் சக்கை என எது கிடைத்தாலும் இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். செலவே இல்லாத வேலை இது. ஈரம் சட்டெனக் காயாது, வேரும் சூடாகாது.

நிழல் வலை கட்டுபவர்கள், காய்கறிக்கு 35 முதல் 50 சதவீத நிழல் தரும் வலையைக் கேட்டு வாங்குங்கள். 75 சதவீத வலைக்குக் கீழே செடி நெட்டையாக வளரும், காய்க்காது. ஏப்ரல் தொடக்கத்திலேயே கட்டிவிடுங்கள். கோடை மழையோடு காற்றும் அடிக்கும் என்பதால், வலையையும் கொடிப் பந்தலையும் இறுக்கிக் கட்டுவது அவசியம்.

தண்ணீர்: எப்போது, எவ்வளவு, எந்தத் தண்ணீர்?

காலை 8 மணிக்கு முன் அல்லது மாலை 5 மணிக்குப் பின். மார்ச்சில் ஒரு வேளை போதும். ஏப்ரல், மே மாதங்களில் சிறிய பைகளுக்கு இரண்டு வேளை தேவைப்படலாம். விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். மதியம் இலை தொங்கி, மாலையில் தானாக நிமிர்ந்துவிட்டால் அது தாகம் இல்லை. அதைப் பார்த்துப் பதறி ஊற்றி ஊற்றியே வேரை அழுக விடுபவர்கள் நிறைய பேர்.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்துச் செடிக்கு ஊற்றலாம், அதில் உப்பு மிகக் குறைவு. ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுநீரில் உப்பு செறிவாக இருக்கும் என்பதால், அதைத் தினமும் செடிக்கு ஊற்றாமல் தரை கழுவப் பயன்படுத்துங்கள். அரிசி கழுவிய தண்ணீரைப் புளிக்க விடாமல் வாரம் ஒரு முறை ஊற்றலாம்.

பைக்குக் கீழே வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீங்க. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய சுத்தமான நீரில்தான் முட்டையிடும். வாரம் ஒரு முறை தட்டுகளைத் தேய்த்துக் கழுவிக் காய வையுங்கள்.

பூ வருது, காய் பிடிக்கலையே?

சுரை, பீர்க்கை, பாகல் கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. வெயில் கூடினால் ஆண் பூக்கள் அதிகமாக வரும். மாடிக்குத் தேனீ வராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். அடியில் குட்டிப் பிஞ்சு ஒட்டியிருந்தால் அது பெண் பூ. ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். பாகலுக்கு இதைக் காலையில் செய்ய வேண்டும். சுரை, பீர்க்கை பூக்கள் மாலையில் விரியும் என்பதால், அவற்றுக்கு மாலைதான் சரியான நேரம்.

மல்லிகைக்கு கவாத்து செய்யும் காலம் நவம்பர் கடைசி. இப்போது மொட்டு வைக்கும் நேரம். காய்ந்த குச்சியை மட்டும் நறுக்கிவிட்டு, உரம் கொடுங்கள்.

பூச்சி வந்தால்?

வெயிலோடு மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, செம்பேன் மூன்றும் வரும். முதலில் இலையின் அடிப்பக்கம் வேகமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். அடங்கவில்லை என்றால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து தெளிக்கலாம். மாலையில் மட்டும் தெளியுங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். வெயில் உச்சத்தில் இருக்கும் நாள்களில் ரசாயன உரத்தையும் தவிர்ப்பது நல்லது.

லீவுக்கு ஊருக்குப் போறீங்களா?

மே மாதத்தில் தோட்டம் அழிய இதுவும் ஒரு முக்கியக் காரணம். கிளம்பும் முன் தொட்டிகளை நிழலான மூலையில் நெருக்கமாக வையுங்கள். சிறிய தொட்டிகளுக்கு, உயரமான வாளியில் தண்ணீர் நிரப்பி, அதிலிருந்து பருத்தித் திரியைத் தொட்டி மண்ணுக்குள் புதைத்தால் ஈரம் மெதுவாக இறங்கும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே சோதித்துப் பாருங்கள். காய்க்கும் பெரிய செடிகளுக்கு இது போதாது, பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போவதே பாதுகாப்பு.

மே மாதம் முழுக்கச் செடியை உயிரோடு வைத்திருந்தாலே பாதி வெற்றி. கத்தரி, மிளகாய், முருங்கை, கறிவேப்பிலை போன்றவை வெயில் தணிந்ததும் புதுத் துளிர் விடும். அடுத்து ஆடிப்பட்டம் வரும்போது, முதலில் இருந்து தொடங்க வேண்டிய வேலை இருக்காது.