இரட்டைச் சூரிய உதய வான்பயணம்

இரட்டைச் சூரிய உதய வான்பயணம் என்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் இலங்கையின் காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரிக்கும் இடையே நடைபெற்ற இரகசிய விமான சேவை ஆகும். 1943 நடுப்பகுதியில் தொடங்கிய இச்சேவையை குவாண்டாஸ் நிறுவனம் நடத்தியது.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. அதனுடன், சிங்கப்பூர் வழியாக ஆஸ்திரேலியாவையும் பிரித்தானியாவையும் இணைத்த வான்வழி அறுந்தது. எஞ்சியிருந்த வழி இந்தியப் பெருங்கடலை ஒரே மூச்சில் கடப்பதுதான். பேர்த்துக்கும் கொக்கலைக்கும் இடையே நேர்வழித் தொலைவு ஏறத்தாழ 5,650 கி.மீ. இன்றைய ஜெட் விமானம் இதை ஏழு மணி நேரத்துக்குள் கடந்துவிடும். அன்று பயன்படுத்தப்பட்ட கட்டலினா வகைக் கடல் விமானங்களோ மணிக்குச் சுமார் 200 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தன. எனவே ஒரு பயணம் 27 முதல் 32 மணி நேரம் நீடித்தது. மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம். பயணிகளை ஏற்றிய வழக்கமான விமான சேவை எதுவும் இன்றுவரை இவ்வளவு நேரம் இடைவிடாது பறந்ததில்லை.

உண்மையான சிக்கல் தொலைவைவிட எடையே. இவ்வளவு நேரத்துக்கான எரிபொருளை ஏற்றியபின் மூன்று பயணிகளுக்கும் ஏறத்தாழ 69 கி.கி. அஞ்சலுக்கும் மட்டுமே இடமிருந்தது. துப்பாக்கிகளும் குளிர்காப்புப் பூச்சும்கூட அகற்றப்பட்டன. புறப்பட்ட முதல் பல மணி நேரத்தில் இரு எஞ்சின்களில் ஒன்று நின்றாலும், எரிபொருள் நிறைந்த விமானத்தால் உயரத்தைக் காக்க இயலாது. சப்பானிய விமானங்களின் கண்ணில் படாதிருக்க, அவற்றின் எல்லைக்குட்பட்ட பகுதியை இருளில் கடக்கும்படி நேரம் வகுக்கப்பட்டது. வானொலியில் பேசவும் தடை; திசை காட்டியவை விண்மீன்களே. ஐந்து விமானங்களுக்கும் அல்டயர், வேகா, ரைகல், அன்டாரெசு, ஸ்பைக்கா என விண்மீன்களின் பெயர்களே சூட்டப்பட்டிருந்தது பொருத்தமானதே.

ஒரே பயணத்தில் இருமுறை சூரியன் உதிப்பதைக் கண்டதால், பயணிகளுக்கு 'இரட்டைச் சூரிய உதய இரகசிய அணி' என்ற பெயரில் சான்றிதழ் வழங்கப்பட்டது.

1945 சூலையில் சேவை முடிவதற்குள் 271 முறை கடல் கடக்கப்பட்டது. ஒரு விமானமும் இழக்கப்படவில்லை. இதற்கிடையே, 1944இல் லிபரேட்டர் வகைத் தரைவிமானங்களும் சேவையில் இணைந்தன. கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானையில் இறங்கிய இவை பயண நேரத்தைச் சுமார் 17 மணியாகக் குறைத்தன. கூடுதல் சுமையும் ஏற்றின. குவாண்டாஸ் நிறுவனத்தின் கங்காருச் சின்னம் முதலில் பொறிக்கப்பட்டது இவ்விமானங்களில்தான்.

கட்டலினாக்கள் அமெரிக்காவின் கடன்-குத்தகைத் திட்டத்தில் பெறப்பட்டவை. அதன் விதிகளின்படி, போர் முடிந்தபின் அவை ஆஸ்திரேலியக் கரைக்கப்பால் கடலில் மூழ்கடிக்கப்பட்டன.