சுழியும் சிப்பியும்

நம் ஆண்டிமடம் பக்கம் நிலத்தைத் தோண்டினால் செம்மண்தான் வரும். முந்திரிக்கு ஏற்ற மண். மேற்கே அரியலூரை நெருங்கினால் மண்ணின் குணம் மாறிவிடும். கல்லங்குறிச்சிப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உடைத்துப்போட்ட கல்லில் சிப்பி சிப்பியாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. 1860-களில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை வகைப்படுத்தி எழுதினார். அவருக்குப் பின் ஸ்டோலிக்ஸ்கா என்பவர் இங்கே கிடைத்த சிப்பி, சங்கு வகைகளை 1873 வரை பல பகுதிகளாக விவரித்து வெளியிட்டார். இப்படித்தான் அரியலூர் என்ற பெயர் உலக நிலவியல் நூல்களில் ஏறியது.

ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட அம்மோனைட் போன்ற பெரிய படிமங்களை வாரணவாசி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பேரப்பிள்ளைகள் அவற்றின் முன்னால்தான் நிற்பார்கள். ஆனால் பாறையின் வயதைக் கணிக்க நிலவியலார் பெரிதும் நம்புவது ஃபோராமினிஃபெரா என்னும் ஒற்றைச் செல் உயிரின் கூட்டை. அதில் பெரும்பாலானவை கடுகைவிடச் சிறியவை, உருப்பெருக்கியில் வைத்தால்தான் வடிவம் தெரியும். காலத்துக்குக் காலம் அந்தக் கூட்டின் வடிவம் மாறி வந்திருக்கிறது. எந்தப் படுகை முந்தியது, எது பிந்தியது என்பதை அந்த மாற்றம் காட்டிக்கொடுக்கிறது. நம் வீட்டுச் சுவரில் இருக்கும் சிமெண்டும், அந்தச் சிப்பிகளும் கூடுகளும் சேர்ந்து இறுகிய சுண்ணாம்புக்கல்லிலிருந்து வந்ததுதான்.

கடுகு என்றதும் வரதராசன்பேட்டை, தென்னூர் நண்பர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். இயேசு இறையரசைக் கடுகு விதைக்கு ஒப்பிட்டார். ஏழைக் கைம்பெண் காணிக்கைப் பெட்டியில் போட்ட இரண்டு காசைச் செல்வர்கள் போட்டதைவிடப் பெரிது என்றார். திருச்சட்டத்தில் ஓர் எழுத்தின் சிறு கோடுகூட வீணாகாது என்றும் சொன்னார். எழுத்தின் சிறு கோடு என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் மாவட்டத்து ஏலாக்குறிச்சி ஞாபகம் வரும்.

1680-இல் இத்தாலியில் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்ற இயேசு சபைத் துறவி, வீரமாமுனிவர் என்று நாம் அறிந்தவர், கொள்ளிடக் கரையை ஒட்டிய அந்த ஊரில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டுக் கலம்பகமும் பாடினார். 3,615 பாடல்களில் தேம்பாவணியைச் செய்தார். 1732-இல் சதுரகராதியைத் தொகுத்தார். தமிழ் தாய்மொழியாக வாய்த்தவர்களுக்கே மலைப்பைத் தரும் உழைப்பு.

அவர் செய்த இன்னொரு வேலை எழுத்துச் சீர்திருத்தம். பழைய முறையில் எகர, ஒகரக் குறில்களுக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும், நெடிலுக்குப் புள்ளி கிடையாது. தொல்காப்பியம் சொல்லும் முறை அது. ஆனால் ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதுபவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். விளைவு, குறிலும் நெடிலும் ஒரே உருவம். 'மெய்' என்று எழுதியிருப்பது உண்மையா, மாடு மேய்வதா? 'பெய்' என்பது மழையா, பேயா? இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். தாய்மொழிக்காரர் எப்படியோ சமாளித்துவிடுவார். புதிதாகத் தமிழ் கற்று, வேதம் போதிக்க வந்தவருக்கு மெய்யும் மேயும் ஒன்றாய்க் கிடந்தால் எவ்வளவு சங்கடம்!

வீரமாமுனிவர் புது எழுத்து எதையும் உண்டாக்கவில்லை. குறிலை அப்படியே விட்டு, நெடிலுக்கு மட்டும் அடையாளம் வைத்தார். எ-வின் காலைக் கீழே இழுத்தால் ஏ. ஒ-வின் கீழே சுழித்தால் ஓ. உயிர்மெய்யில் கெ-வுக்கு இருந்த கொம்பை மேலே சுழித்துவிட்டால் கே. நம் பள்ளிக்கூடத்தில் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு என்று சொல்லிக் கொடுத்தார்களே, அந்த வேறுபாடுதான். ஓலை கிழியாது, எழுதுபவருக்குக் கூடுதல் சிரமமும் இல்லை.

தேம்பாவணியை முழுவதும் படித்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்? ஆனால் அந்தச் சுழியைப் போடாமல் யாராலும் ஒரு கடிதம் எழுத முடியாது. கோயில் திருவிழா நோட்டீசிலும், பேருந்தின் பெயர்ப் பலகையிலும், முதலாம் வகுப்புப் பிள்ளையின் சிலேட்டிலும் அது இருக்கிறது. போட்டவர் என்ன சமயம் என்று யாரும் கேட்பதில்லை.

பெரிய காரியம் செய்ய வயதும் வசதியும் இல்லை என்று நம் வயதுக்காரர்கள் சொல்வதைக் கேட்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுக்க வயது ஒரு தடையா என்ன?