புட்டிக்குள் ஒரு குளம்: செடி வளரும் மீன்தொட்டியின் வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன்பு வகுப்பறையின் அறிவியல் மூலையில் வைப்பதற்காக ஒரு மீன்தொட்டி வாங்கினேன். காலையில் தொட்டியைக் கழுவித் தண்ணீர் நிரப்பினோம். மாலைக்குள் பத்து மீன்களையும் விட்டுவிட்டோம். மாணவர்கள் முறை வைத்துத் தீனி போட்டார்கள். ஒரு வாரத்திற்குள் மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக மிதக்கத் தொடங்கின. வேலியோரம் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்த நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான்: "ஐயா, தண்ணி சுத்தமாத்தானே இருந்துச்சு? அப்புறம் ஏன் செத்துப் போச்சு?"

எனக்கு விடை தெரியவில்லை. விடையைத் தேடிப் படித்தபோது, இந்தக் கேள்விக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு இருப்பது புரிந்தது. குறைந்த செலவில் செடி வளரும் மீன்தொட்டி அமைக்க விரும்பும் எவரும் அந்த வரலாற்றை அறிந்துகொண்டால் பணமும் மிச்சமாகும், மீன்களும் பிழைக்கும். அதையே இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

புதினாத் தழையும் மெழுகுவத்தியும்

1771ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி என்பவர் ஓர் ஆய்வு செய்தார். மூடிய கண்ணாடிக் கலத்தில் மெழுகுவத்தி எரிந்து அணைந்த பிறகு, அந்தக் காற்றில் மீண்டும் சுடர் எரியாது. ஆனால், உள்ளே ஒரு புதினாத் தழையை வைத்துச் சில நாள் விட்டால், அதே காற்றில் மெழுகுவத்தி எரிந்தது. உயிர்கள் கெடுத்த காற்றைச் செடி சீர்படுத்துகிறது என்பதை உலகம் அன்று அறிந்தது. 1779ஆம் ஆண்டு யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர், இவ்வேலையைச் செடியின் பச்சைப் பகுதிகள் மட்டுமே, அதுவும் வெளிச்சத்தில் மட்டுமே செய்கின்றன என்று நிறுவினார். இன்று நாம் கற்பிக்கும் ஒளிச்சேர்க்கைப் பாடத்தின் தொடக்கம் இதுதான்.

காற்றில் நடப்பது தண்ணீரிலும் நடக்குமா? இதற்கு விடை கிடைக்க மேலும் எழுபது ஆண்டுகள் ஆயின.

வார்டு மருத்துவரின் புட்டி

இலண்டன் நகரின் கிழக்குப் பகுதியில் நதானியேல் வார்டு என்ற மருத்துவர் வாழ்ந்தார். செடிகளின்மீது, சிறப்பாகப் பெரணிகளின்மீது, அவருக்குத் தீராத ஆசை. ஆனால், நிலக்கரிப் புகை சூழ்ந்த அந்நகரில் அவர் நட்ட பெரணிகள் யாவும் பட்டுப்போயின. 1829ஆம் ஆண்டு, அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு ஒரு கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடி வைத்தார். பூச்சி வெளிவருமா என்று பார்த்திருந்தவரின் கண்ணில் பட்டவை, மண்ணில் தாமாக முளைத்த ஒரு பெரணியும் ஒரு புல்லும்! பகலில் ஆவியான நீர் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்கியது. ஒரு துளி நீரும் ஊற்றாமலே அச்செடிகள் ஏறக்குறைய 4 ஆண்டுகள் வாழ்ந்தன.

இதிலிருந்து பிறந்ததே "வார்டு பெட்டி" எனப்படும் மூடிய கண்ணாடிப் பெட்டி. உப்புக்காற்றுக்கும் கடற்பயணத்திற்கும் தாக்குப்பிடித்துச் செடிகளைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுசெல்ல அது உதவியது.

இந்தப் பெட்டிக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 இரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுசென்றார். அங்கு முளைத்த கன்றுகளுள் 1,900க்கும் மேற்பட்டவை, அதே ஆண்டில் 38 வார்டு பெட்டிகளில் இலங்கைக்குக் கப்பலேறின. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னர் மலாயா இரப்பர்த் தோட்டங்களின் நாடாகியது. பால்மரம் வெட்ட நம் முன்னோர் வந்தனர். அவர்களின் பிள்ளைகளுக்காகத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. நம் மாணவர்களுக்கு வார்டின் புட்டியைப் பற்றிச் சொல்லும்போது, அவர்கள் பாட்டன் பூட்டன் கதையில் ஒரு பகுதியையும் சொல்கிறோம்.

தண்ணீருக்குள் வந்த தோட்டம்

நீர்வாழ் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து முறையாக ஆராய்ந்த முன்னோடி, பிரான்சில் பிறந்த ழான் வில்ப்ரூ-பவர் அம்மையார். தையல் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கிய இவர், 1832ஆம் ஆண்டு சிசிலித் தீவில் கடலுயிர்களுக்காகக் கண்ணாடித் தொட்டிகளை அமைத்தார். 1846ஆம் ஆண்டு அன்னா தின் என்ற அம்மையார் பவளவுயிர்களை இலண்டனுக்குக் கொண்டுவந்தார். அந்நீரில் உயிர்வளி குறையாதிருக்க, பணிப்பெண் ஒருவர் திறந்த சன்னலருகே நின்று தண்ணீரை ஒரு கலத்திலிருந்து மறு கலத்திற்கு மாற்றி மாற்றி ஊற்ற வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு அம்மையார் கடற்பாசிகளைச் சேர்த்தபோது அவ்வேலை எளிதாயிற்று. இன்று மின்விசைக் காற்றுக்குழாய் செய்யும் வேலையின் பெரும்பகுதியைச் செடியே செய்துவிடும் என்பதற்கு இது நல்ல சான்று.

நன்னீர்த் தொட்டியின் இலக்கணத்தை வகுத்தவர் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர். 1849இல் தொடங்கிய தம் சோதனையை அவர் 1850இல் இலண்டன் வேதியியல் கழகத்தில் விளக்கினார். அவர் பயன்படுத்திய பொருள்களைப் பாருங்கள்: 12 கேலன் கொள்ளும் கண்ணாடிக் கலம் ஒன்று; அதில் பாதியளவு, அதாவது ஏறக்குறைய 27 லிட்டர், ஊற்றுநீர்; அடியில் மணலும் சேறும் சில கற்களும்; நாடா போன்ற இலையுடைய வாலிஸ்னேரியாச் செடி ஒன்று; சிறிய தங்கமீன்கள் இரண்டு. நகரத்துப் புகைக்கரி விழாதிருக்க வாயில் ஒரு மெல்லிய துணி. அவ்வளவே!

தொடக்கத்தில் அவருக்கும் சிக்கல் வந்தது. செடியின் முதிர்ந்த இலைகள் அழுகின, நீர் கலங்கியது, கண்ணாடியில் பாசி படர்ந்தது. அவர் நீரைக் கொட்டிவிடவில்லை. குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். அவை அழுகலையும் பாசியையும் தின்று நீரைத் தெளிவாக்கின. நத்தை இட்ட முட்டைகள் மீனுக்கு இரையாயின. மீனின் கழிவு செடிக்கு உரமானது. செடி தந்த உயிர்வளி மீனுக்கும் நத்தைக்கும் பயன்பட்டது. செடி, மீன், நத்தை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் சமநிலை உண்டாகும் என்பதே அவர் கண்ட உண்மை.

பித்தாக மாறிய ஆர்வம்

1845இல் பிரிட்டனில் கண்ணாடி வரி நீக்கப்பட்டதால் கண்ணாடி மலிந்திருந்தது. 1853இல் இலண்டன் விலங்கியல் தோட்டத்தில் பொதுமக்கள் காணும் மீனகம் திறக்கப்பட்டது. 1854இல் பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய நூல் "அக்குவேரியம்" என்ற சொல்லைப் பரப்பியது. வீட்டுக்கு வீடு தொட்டிகள் தோன்றின. மக்கள் கடற்கரைப் பாறைக்குழிகளில் இருந்த உயிர்களை அள்ளிச் சென்றனர். தம் தந்தையின் நூலே அந்தக் கடற்கரைகள் வெறுமையாகக் காரணமாயிற்று என்று கோஸின் மகன் எட்மண்ட் பின்னாளில் வருந்தி எழுதினார்.

அள்ளிச் சென்ற உயிர்களும் பெரும்பாலும் பிழைக்கவில்லை. சிறிய கலத்தில் அளவுக்கு மீறிய உயிர்கள், அளவுக்கு மீறிய தீனி, பொறுமையின்மை: நான் வகுப்பறையில் செய்த அதே பிழைகள்தாம்!

மகன் கண்ட விடை

என் மாணவனின் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி, வாரிங்டனின் மகனிடம் இருந்தது. அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டனே. வேளாண் வேதியியலாளரான அவர் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மண்ணை ஆராய்ந்தார். அழுகும் பொருள்களில் உண்டாகும் அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது நுண்ணுயிர்களின் வேலை என்று பிரெஞ்சு அறிஞர்கள் ஷ்லோசிங், முன்ட்ஸ் ஆகியோர் 1877இல் காட்டியிருந்தனர். அம்மாற்றம் இரண்டு படிகளில் நிகழ்கிறது என்பதை மகன் வாரிங்டன் கண்டறிந்தார். முதற்படியில் அம்மோனியா நைட்ரைட்டாகவும், அடுத்த படியில் அது நைட்ரேட்டாகவும் மாறுகிறது. 1890இல் வினோகிராட்ஸ்கி என்ற உருசிய அறிஞர் அந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்துக் காட்டினார்.

மீன்தொட்டியிலும் இதுவே நடக்கிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. இரண்டும் கண்ணுக்குத் தெரியா. அவற்றை மாற்றும் நுண்ணுயிர்கள் மணலிலும் கல்லிலும் பெருகச் சில வாரங்கள் ஆகும். என் தொட்டியில் தண்ணீர் பளிங்குபோல் இருந்தது உண்மை. ஆனால், அதில் நுண்ணுயிரும் இல்லை, செடியும் இல்லை. பத்து மீன்களின் கழிவு மட்டும் இருந்தது. தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் அன்று.

விலை ஏறிய கலை

இருபதாம் நூற்றாண்டில் மின்விளக்கும் காற்றுக்குழாயும் வடிகட்டியும் வந்தன. ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தக்காஷி அமானோ (1954–2015) நீருக்குள் மலையும் புல்வெளியும் கொண்ட காட்சிகளையே உருவாக்கிக் காட்டினார். கரிவளிக் குப்பிகளும் வலிமையான விளக்குகளும் தேவைப்படும் அந்தக் கலை மிக அழகானது, செலவும் மிகுந்தது. கடைகளில் காணும் அத்தகைய தொட்டிகளைப் பார்த்து, "நம்மால் ஆகாது" என்று பெற்றோர் பலர் ஒதுங்கிவிடுகின்றனர்.

ஆயினும் மலிவான பாதை மறைந்துவிடவில்லை. 1999இல் அமெரிக்கரான டயானா வால்ஸ்டாட் அம்மையார் செடித்தொட்டியின் சூழலியல் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அடியில் சாதாரண மண், அதன்மேல் சரளை, நிறைந்த செடிகள், குறைந்த கருவிகள் என்பதே அவர் வழி. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் வாரிங்டன் இட்ட மணலும் சேறும் மீண்டும் வந்துவிட்டன!

நாம் செய்யக்கூடியது

இவ்வரலாற்றிலிருந்து நான் கற்றவற்றைக் கொண்டு இரண்டாம் முறை தொட்டி அமைத்தேன். முறை இதுதான்:

கலம்: 30 லிட்டருக்குக் குறையாத, கசிவில்லாத பழைய தொட்டி போதும். சிறிய கிண்ணத்தில் நீர் விரைவில் கெடும்.

அடித்தளம்: உரம் கலவாத தோட்டத்து மண் இரண்டரை சென்டிமீட்டர், அதன்மேல் அதே உயரத்திற்குக் கழுவிய சரளை அல்லது பருமணல்.

செடி: வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா போன்று விரைந்து வளர்பவை. முதல் நாளே அடர்த்தியாக நடுங்கள். நண்பர்களின் தொட்டியிலிருந்து கத்தரித்த கிளைகளே போதும்.

நீர்: குழாய்நீரில் உள்ள குளோரின் ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பாலும் நீங்கும். சிங்கப்பூர்க் குழாய்நீரில் உள்ள குளோரமின் அவ்வாறு நீங்காது. அதற்குக் கடையில் விற்கும் நீர் மருந்து ஒரு சிறு புட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒளி: நேர்வெயில் வேண்டா, பாசி மண்டும், நீர் சூடேறும். நாளுக்கு 8 மணி நேரம் ஒரு சாதாரண விளக்கு போதும்.

காத்திருப்பு: மூன்று, நான்கு வாரங்கள் செடியும் சிறு நத்தைகளும் மட்டும் இருக்கட்டும். அக்காலத்தில் தொட்டியின் வாயை மெல்லிய வலைத்துணியால் மறக்காமல் மூடுங்கள். மீனில்லாத நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். டிங்கி நம் நாட்டில் விளையாட்டன்று. வாரிங்டன் கரிக்கு அஞ்சிக் கட்டிய துணியை நாம் கொசுவுக்கு அஞ்சிக் கட்டுகிறோம்.

மீன்: முதலில் இரண்டு மூன்று கப்பி மீன்கள் மட்டும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி. வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். தொட்டியில் வளர்ந்தவற்றை ஒருபோதும் ஆற்றிலோ கால்வாயிலோ விடாதீர்கள். தொட்டியைச் சுத்தம் செய்வதற்காகத் தென்னமெரிக்காவிலிருந்து வந்த "ஈக்கான் பண்டாராயா" இன்று நம் ஆறுகளில் பெருகி உள்நாட்டு மீன்களுக்குத் தொல்லை தருகிறது. அதுபோலவே, நம் காட்டோடைகளில் வளரும் கிரிப்டோகோரைன் செடிகளையும் வேரோடு பிடுங்கி வராதீர்கள். இங்கிலாந்தின் கடற்கரைகளுக்கு நேர்ந்தது நம் ஓடைகளுக்கு நேர வேண்டா.

அந்த இரண்டாம் தொட்டியில், "மீன் எப்போ ஐயா விடுவோம்?" என்று மாணவர்கள் நாள்தோறும் நச்சரித்தார்கள். நாள்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே காத்திருந்தோம். இலைகளில் உயிர்வளிக் குமிழிகள் எழுவதை முதலில் கண்டவன், முன்பு கேள்வி கேட்ட அதே மாணவன். நான்காம் வாரம் மூன்று கப்பிகளை விட்டோம். பள்ளி விடுமுறைக்குள் குஞ்சுகளும் பிறந்துவிட்டன.

உங்கள் வீட்டிலும் வகுப்பிலும் முயன்று பாருங்கள். மீனை வாங்குவதற்கு முன் செடியை நடுங்கள். செடியை நட்டபின் பிள்ளைகளோடு சேர்ந்து காத்திருங்கள்.